அண்ணி படுத்திருந்த முன்னறை

1

சென்ற வாரம் என் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி கவுன்டரில் உட்கார்ந்திருந்த பெண், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். வீட்டில் இவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான்தான் என்றேன். நீங்கள் வேலைக்குப் போகும்போது? நம்மூரில் எல்லாச் சிக்கலுக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன்: "வீ வில் அட்ஜஸ்ட்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "எதை அட்ஜஸ்ட் செய்வீர்கள்?" என்றாள். கட்டிலின் உயரத்தையா என்று கேட்கிற மாதிரி இருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், எந்த ஆங்கிலச் சொல் தாம்பரத்தில் மட்டும் செல்லும் என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததுமே நான் எழுதியிருந்ததற்குப் பதிலாகச் சனிக்கிழமை அண்ணியிடமிருந்து நீலநிற விமானக் கடிதம் வந்தது. அண்ணனுடைய மனைவி, பிலோமினா. "நீ ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பி வந்துவிடுவேன். படுக்கையில் கிடப்பவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் ஊர் டாக்டர்களுக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தாள். பாஸ்போர்ட்டே இல்லாதவள். நான் உரக்கப் படித்துச் சிரித்தேன். என் மகள் ஷீலா தலையைத் தூக்கி, "மாமிக்கு உடம்பு சரியில்லாம போயிட்டாங்களா?" என்றாள்.

அவள் கேட்க நினைத்தது வேறு. இங்கே பிறந்த குழந்தையின் தமிழில் ஆட்கள் இப்படித்தான் அடிக்கடி இறந்துபோகிறார்கள். "போகவில்லை. போகத்தான் இருந்தாள். திரும்பி வந்துவிட்டாள்" என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. முழுதாகப் புரிகிறவர்களுக்கும் ஒருமுறை சொல்லலாம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

2

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம். அம்மா, அண்ணன் டேனியல், நான். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணன் கோட்டையில் குமாஸ்தா. காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்ச் சாயங்காலம் வருவான். நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

பெருங்களத்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த பிலோமினா, காலையில் அண்ணன் ஏறுகிற அந்த ட்ரெயினிலிருந்துதான் தாம்பரத்தில் இறங்குவாள். அப்படித்தான் அவளைப் பார்த்தான். அவள் ராயபுரத்துப் பெண், கத்தோலிக்கர். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த சி.எஸ்.ஐ. குடும்பம். சபை வேறு, பேச்சு வேறு, அம்மாவின் கணக்கில் அந்தஸ்தும் வேறு. அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணம் ராயபுரம் கோயிலில் நடந்தது. அம்மா வந்தாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், சாப்பிடாமல் திரும்பினாள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவளோடு சண்டை போட்டதே இல்லை. சண்டை போடப் பேச வேண்டுமே. பால் பொங்கினால்கூட என்னைப் பார்த்து, "அடுப்பில பால் பொங்குதுன்னு அங்க சொல்லு" என்பாள். அண்ணி இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். அவளும் என்னைப் பார்த்தே, "எறக்கிட்டேன்னு சொல்லு" என்பாள். நான் தபால்காரி வேலை பார்த்துக் களைத்துப்போனேன்.

சில மாதங்கள் இப்படிப் போயின. ஒருநாள் அண்ணிக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்து போயிற்று. அதற்கடுத்த வாரம், கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாள் பள்ளியில் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. இரண்டு ஆசிரியைகள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அதற்கு மறுநாள் கையில் டம்ளர் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் பேச்சும் குழறிவிட்டது. அங்கே போன பிறகு முகமும் அசைவற்றுப்போயிற்று. கண்மணிகள் மட்டும் அசைந்தன.

நரம்புகளைத் தாக்குகிற அபூர்வமான நோய் என்றார் டாக்டர். மூச்சு விடுகிற தசைகளையும் அது தொட்டுவிட்டால் கஷ்டம் என்றார். அண்ணன் வார்டு வாசலிலேயே கிடந்தான். மூச்சை மட்டும் தொடாமல் நோய் எப்படியோ நின்றுவிட்டது. சில வாரங்கள் கழித்து டாக்டர் எங்களை அழைத்தார். நல்ல மனிதர். ஒளிக்காமல் பேசினார்.

"இதுக்கு மருந்துன்னு எதுவும் கிடையாது. நரம்பு தானா திரும்பி வரணும். மாசக்கணக்காகும். வராமலும் போகலாம். அதுவரைக்கும் சளி கட்டாம, படுக்கைப் புண் வராம பார்த்துக்கணும். இங்க ஒரு நர்ஸுக்கு அத்தனை பேஷண்ட். வீட்டில ஆள் இருந்தா வீடுதான் இவங்களுக்கு நல்லது. ஆள் இருக்கா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா சொன்னாள்: "இருக்கோம்."

அது எங்கள் எல்லோரையும்விட அம்மாவைத்தான் அதிகம் திடுக்கிட வைத்தது என்று நினைக்கிறேன். வாடகைக் காரின் பின்சீட்டில் அண்ணியைக் கிடத்தியபோது, அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள இடமிருந்த ஒரே ஆள் அம்மாதான். கிண்டி தாண்டும்வரை கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கியே வைத்திருந்தாள். பல்லாவரம் வந்தபோது ஒரு கை அண்ணியின் நெற்றியில் இருந்தது.

3

எங்கள் தெருவின் கடைசியில் நூர்ஜஹான் அக்கா இருந்தார். அவருடைய கணவருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி டயர் கடை. அக்கா முறையாகப் படித்த நர்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டிருந்தார். நாங்கள் போய்க் கூப்பிடவில்லை. கார் வந்து நின்றதைப் பார்த்து அவரே வந்தார். மூக்கில் குழாயோடு கிடந்த அண்ணியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இந்த ரூம் ஆவாது. காத்தே இல்ல. முன்ரூமுக்குக் கொண்டாங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் முன்னறை அவருடைய வார்டு ஆயிற்று. போர்வையை உடம்புக்கடியில் விரித்து இருபுறமும் பிடித்துத் திருப்புவது, முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவது, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதுகில் தட்டிச் சளியைக் கலைப்பது, கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் குழாயில் ஊற்றுவது என்று எல்லாவற்றையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். யார் எந்த நேரம் என்று முறை வைத்தார். அண்ணனுக்குக் காலையும் ராத்திரியும். எனக்குக் கல்லூரி விட்டு வந்த பிறகு. பகலுக்கு அம்மா.

பகலுக்கு இன்னொருவரும் வந்தார். அண்ணியின் அம்மா மேரியம்மா. ராயபுரத்திலிருந்து தினமும் பீச் ஸ்டேஷன் வந்து, ட்ரெயின் பிடித்து, கூடையில் ஏதாவது மீனோடு வந்து இறங்குவார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்ததில்லை. முதல் நாள் வாசலிலேயே தயங்கினார். அம்மாவும் தயங்கினாள்.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா கடைசியில்.

"இன்னா சம்பந்திம்மா, எம்பொண்ணு ஒடம்புல உசுரு கீதா?"

"இருக்கு."

"அது போதும். மீதிய நாம பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய்க் கூடையை இறக்கினார்.

இரண்டு பேரும் உடனே ராசியாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மேரியம்மா கட்டிலருகே ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால், அம்மா மறுபக்கம் உட்கார்ந்து கொஞ்சம் உரக்கவே ஞானப்பாட்டுப் பாடுவாள். ஒருநாள் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனபோது நூர்ஜஹான் அக்கா உள்ளே வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஏசுகிட்டதான கேக்கறீங்க? ஒருத்தர் கேட்டு முடிச்சப்புறம் இன்னொருத்தர் கேளுங்க. அவருக்குக் காது குழம்பிடப் போவுது."

மேரியம்மா முதலில் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் காலை ஜெபமாலைக்கும் மாலை பாட்டுக்கும் ஆயிற்று.

4

இங்கேயும் என் கணவருக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருகிறாள். சின்னக் கார் ஒன்றில் வருகிறாள். சுத்தமான கை, இனிமையான பேச்சு. அரசாங்கமே அனுப்புகிறது. இதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கட்டு மாற்றியதும் போய்விடுகிறாள். டீ குடியுங்கள் என்றால், இன்னும் பல வீடு இருக்கிறதே என்கிறாள். பக்கத்து வீட்டம்மா ஒரு கேக்கை வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போயிருக்கிறாள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற மரியாதை. ஷீலாவுக்கு அதுதான் சரியென்று படுகிறது.

"அவ்வளவு பேரும் ஏன் உள்ள வந்தாங்க? மாமிக்கு பிரைவசி வேணாமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. நான் யோசித்துவிட்டு, "அது என்னன்னே அப்ப எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

5

நூர்ஜஹான் அக்கா போட்ட கட்டளைகளில் கஷ்டமானது ஒன்று உண்டு. "இவளுக்குக் காது நல்லா கேக்குது. மூளைக்கு ஒண்ணும் ஆவல. பொணம் மாதிரி பாக்காதீங்க. பேசுங்க."

அண்ணன் பேசினான். ஆபீஸில் நடந்தது, ட்ரெயினில் நடந்தது எல்லாம் சொன்னான். நான் என் பாடத்தைப் படித்துக் காட்டினேன். அம்மாவால்தான் முடியவில்லை. மேரியம்மா மதியம் சமையலறையில் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த வேளையில் முன்னறையில் அம்மாவும் அண்ணியும் மட்டும். ஆள் வைத்துப் பேசியே பழகியவளுக்கு நேராக என்ன பேசுவது என்று தெரியவில்லை. சில நாட்கள் பைபிள் வாசித்தாள். பிறகு, அண்ணி பதில் சொல்ல முடியாதவள் என்பது தைரியம் கொடுத்ததோ என்னவோ, மெல்ல ஆரம்பித்தாள். முதலில் பால்காரன் தண்ணீர் கலப்பது. பிறகு டேனியல் சின்ன வயதில் செய்த சேட்டைகள். பிறகு அப்பா. அப்பா இறந்த பின் தனக்கு வீட்டில் பேச ஆளில்லாமல் போனது. இதையெல்லாம் அவள் எங்களிடம் சொன்னதில்லை.

அப்படியொரு மதியம்தான் அண்ணி எங்களை விட்டுப் போகவிருந்தாள். ரம்ஜான் மாதம். எனக்குக் கல்லூரி விடுமுறை. அம்மாவின் குரல் நடுவில் நின்றது. அடுத்த நொடி, "கிரேஸ்" என்று என்னைக் கூப்பிட்ட குரல் அவள் குரலாகவே இல்லை. அண்ணியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொண்டையில் ஏதோ கொளகொளத்தது. மூச்சு வரவில்லை. நான் தெருவில் செருப்பில்லாமல் ஓடினேன். நூர்ஜஹான் அக்கா தொழுகை விரிப்பிலிருந்து எழுந்தபடியே வந்தார்.

நாங்கள் வருவதற்குள் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அண்ணியைத் தன் மடியின் மேல் குப்புறச் சாய்த்து, தலை தொங்கும்படி பிடித்துக்கொண்டு, குழித்த கையால் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். "வா பிலோ, வந்துடு, வா" என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னாள். மேரியம்மா தரையில் மண்டியிட்டு மகளின் வாயிலிருந்து விரலால் சளியை வழித்தெடுத்துக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் அக்கா ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சினார். ஒரு பெரிய இழுப்போடு மூச்சு வந்தது. நீலம் மெல்லக் கலைந்தது.

மூன்று பேருக்கும் வியர்த்துவிட்டிருந்தது. நூர்ஜஹான் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மேரியம்மா தண்ணீர் கொண்டு வந்து நீட்டி, பிறகு நோன்பு ஞாபகம் வந்து தானே அதைக் குடித்துவிட்டார். அம்மா மட்டும் அண்ணியை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

அம்மா அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அன்றுதான் முதல் தடவை. அதன்பின் தினமும் பிலோதான். மதியக் கதைகளும் துணிச்சலாக வளர்ந்தன. பின்னறையில் நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரோடு காதை வைத்திருப்பேன். ஒருநாள் அம்மா சொன்னது இது:

"நீ என்னைப் பெரிய கட்டுப்பாட்டுக்காரின்னு நினைச்சிருப்ப. நான் என் கல்யாணத்தன்னிக்குக் காலையில வீட்டை விட்டு ஓடிப்போயிட்டேன், தெரியுமா?"

என் கையிலிருந்த புத்தகம் விழுந்தது. அதே நேரம் வாசற்கதவு திறந்து நூர்ஜஹான் அக்கா உள்ளே வந்தார். அம்மா சட்டென்று நிறுத்தி, கஞ்சி ஆறிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் அந்தப் பேச்சே இல்லை. நான் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "யாரு ஓடினா? நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். அடுத்த வாரமெல்லாம் திரும்பவும் பால்காரன்தான்.

6

வந்த நோய், வந்த வழியே திரும்பத் தொடங்கியது. கடைசியில் போனது முதலில் வந்தது. அண்ணியின் ஒரு புருவம் அசைந்தது. பிறகு உதட்டோரம். நூர்ஜஹான் அக்கா ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விழுங்கப் பழக்கினார். முதல் தடவை ஒரு ஸ்பூன் காப்பி புரையேறாமல் உள்ளே போனபோது, மேரியம்மா தெருவில் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் முன்னறையில் இருந்தோம். அண்ணன் தலையணையை உயர்த்திக்கொண்டிருந்தான். அண்ணியின் உதடு அசைந்தது. காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அத்தே."

அண்ணன் அப்படியே நின்றான். மேரியம்மா பாய்ந்து வந்தார். "இன்னாம்மா? தண்ணி வோணுமா? எங்கனா வலிக்குதா?"

அண்ணியின் கண்கள் அவரைத் தாண்டி அம்மாவிடம் போய் நின்றன. மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஓடிப் போனீங்களே. அப்புறம்?"

"யாரு ஓடிப் போனது?" என்றான் அண்ணன். அம்மாவின் முகம் சிவந்து கறுத்தது. பிறகு அவள் அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். இரண்டும் மாறி மாறி வந்தன. அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அண்ணியின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நூர்ஜஹான் அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சொல்லிடுங்கம்மா. பேஷண்ட் கேக்குது. நானும் அன்னிக்குப் பாதியிலதான் உள்ள வந்தேன்."

வேறு வழியில்லாமல் அம்மா சொன்னாள். பார்த்தேயிராத ஆளுக்குக் கழுத்தை நீட்டுவதா என்று பயந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தாளாம். போவதற்கு இடம் தெரியவில்லை. தன் கல்யாணத்துக்கே போட்டிருந்த சமையல் கொட்டகைக்குள் நுழைந்து, பழைய சேலையால் முக்காடிட்டு, கூலிப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாளாம். ஊரே அவளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஷேவிங்குக்கு வெந்நீர் கேட்டு மாப்பிள்ளையே கொட்டகைக்கு வந்தாராம்.

"வந்தவர் சமையல்காரர்கிட்ட சொல்றார், பொண்ணைக் காணோமாம், தேடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன், பாவம், என்னையும் திட்டித்தான் கூட்டிட்டு வந்தாங்க, அதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. திரும்பிப் பார்த்தார். வெங்காயம் உரிச்சு என் கண்ணெல்லாம் தண்ணி. ஏம்மா அழறே, உனக்கும் இன்னிக்கா கல்யாணம்னு கேட்டார்."

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்றார் மேரியம்மா.

"ஆமான்னேன்."

அண்ணிக்கு இன்னும் முகம் முழுதாகச் சிரிக்க வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எனக்குத் தெரிந்து அதைவிட அழகான சிரிப்பை நான் பார்த்ததில்லை.

7

கைகள் வர இன்னும் சில மாதங்கள் ஆயின. கால்கள் அதற்கும் பிறகு. மாடம்பாக்கத்திலிருந்து ஒரு தச்சர் வந்து, சுவரோரம் பிடித்துக்கொண்டு நடக்க மரக் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். அண்ணி அதைப் பிடித்து முன்னறையிலிருந்து சமையலறைவரை நடந்த அன்று தெருவுக்கே பாயசம். பிறகு அவள் பள்ளிக்குத் திரும்பினாள். இரண்டு பிள்ளைகள் பெற்றாள். இன்றைக்கும் குளிர்காலத்தில் அவளுக்கு விரல்நுனி மரத்துப்போகும். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள்.

ஆனால் அவள் குணமாகிவிட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்த நாள் அதில் எதுவுமல்ல. அது ஒரு சாதாரண வேலைநாள். நான் கல்லூரியிலிருந்து வந்து, ஸ்டேஷனில் அண்ணனைச் சந்தித்து, அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர இருவரும் பேசியபடி நடந்து வந்தோம். எங்கள் வாசலில் நூர்ஜஹான் அக்கா நின்றுகொண்டிருந்தார். தினமும் அந்த வேளைக்கு வந்து அண்ணியின் கால்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அன்று உள்ளே போகாமல் நின்றார். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் வந்தன.

"மீன் குழம்புல எவளாவது தேங்கா அரைப்பாளா? அது இன்னா, பாயசமா?" அண்ணியின் குரல்.

"எங்க ஊர்ல அரைச்சுத்தான் வைப்பாங்க. நாலு தலைமுறையா அரைக்கிறோம். யாரும் சாகல" என்றாள் அம்மா.

"அதான் மீனுக்கே மீன் ருசி மறந்துபோச்சு. தள்ளுங்க அத்தே, நான் வெக்கறேன்."

"நிக்கவே தெம்பில்ல, இவ குழம்பு வைக்கிறாளாம். போய் உக்காருடி."

"உக்கார மாட்டேன். ஒரு வருஷம் உக்காராம படுத்தே கெடந்து நீங்க ஊத்தினதையெல்லாம் குடிச்சேன். இன்னிக்கு நான் வெக்கறத நீங்க தின்னுங்க."

ஏதோ பாத்திரம் தரையில் வைக்கப்பட்ட ஓசை கேட்டது. மெதுவாக வைத்த ஓசை இல்லை. எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் இந்த இரண்டு பேரும் சண்டை போட்டு நான் கேட்டதே இல்லை. உள்ளே போய் விலக்கிவிடலாமா என்று நூர்ஜஹான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "உங்கம்மாவை எதிர்த்துப் பேசற அளவுக்குத் தெம்பு வந்துட்ச்சு. இனிமே நர்ஸுக்கு இங்க இன்னா வேலை கீது?" என்று சொல்லி, புர்காவைச் சரிசெய்துகொண்டு, தெருக்கோடியிலிருந்த தன் வீட்டை நோக்கி நடந்தார். பாதித் தூரம் போய்த் திரும்பி, "எந்தக் குழம்பா இருந்தாலும் எனக்கு ஒரு கிண்ணம் அனுப்புங்க" என்றார்.

அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். ஆனால் உள்ளே போகவில்லை. கேரியரின் மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

"வாண்ணா, உள்ள போகலாம்" என்றேன்.

"நீ போ. நான் கொஞ்ச நேரம் கேட்டுட்டு வரேன்."